ஒரு சமூகவியலாளர் 50 வருடம் எதைத்தான் எண்ணுகிறார்?

கேள்வி கேட்டிருப்பவர் சித்தூர் தாலூக்குக்காரர். ஆந்திரத்துச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர். கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் வீடு, எம்.ஏ. சமூகவியல் முதல் வருடம். வகுப்பில் சார்லஸ் ஹிர்ஷ்மன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளரின் ஆராய்ச்சி வாழ்க்கையைப் பற்றி எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். குடியேற்றம், இனம், மக்கள்தொகை மாற்றம் என்று இந்த மூன்றையே சுற்றி ஒரு மனிதர் 50 வருடம் வேலை பார்த்திருக்கிறாரே, அப்படி என்னதான் கண்டுபிடித்தார்? அதற்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம்? இதைப் படித்தால் வேலை கிடைக்குமா? இவைதான் அவர் கேட்பது.

வேலை விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன், அம்மணி. முதல் இரண்டு கேள்விக்கும் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. உங்கள் தாலூக்கிலேயே பள்ளிக்கூட மாஷாக இருந்தவன். 1991, 2001 இரண்டு கணக்கெடுப்பிலும் படிவக் கட்டை இடுக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஓய்வு பெற்ற பிறகும் சில ஆய்வுகளுக்குக் களப்பணியாளர்களைக் கூட்டிக்கொண்டு அலைந்திருக்கிறேன். ஹிர்ஷ்மனை நான் படித்தது அதற்கெல்லாம் அப்புறம்தான். அட, நாம் திண்ணையில் உட்கார்ந்து முழித்ததைத்தானே இந்த ஆள் எழுதியிருக்கிறார் என்று தோன்றியது.

அந்தத் திண்ணையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2001 பிப்ரவரி. வேலந்தாவளம் போகிற ரோட்டில் ஒரு ஓட்டு வீடு. ஒரு பாட்டி, அவர் மகன், மருமகள், 5 வயதுப் பேரன். பெயர், வயது எல்லாம் முடிந்து தாய்மொழிக் கட்டத்துக்கு வந்தேன். பாட்டி சிரித்தார். "என்னத்த எழுதுவீங்க மாஷே? வீட்டுல தெலுங்கு, சந்தைல தமிழு, வில்லேஜ் ஆபீஸ்ல மலையாளம்." மகன் குறுக்கே வந்தார். "எல்லாத்துக்கும் தமிழ்னே போடுங்க, பையனத் தமிழ் மீடியத்துலதான் சேத்தப்போறோம்." ஆனால் எனக்குக் கொடுத்திருந்த விதி வேறு. சின்ன வயதில் உங்கள் அம்மா உங்களிடம் எந்த மொழியில் பேசினாரோ அதுதான் தாய்மொழி, அதையும் ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பாட்டிக்குத் தெலுங்கு. மகனுக்கும் தெலுங்கு. மருமகள் பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண், அவருக்குத் தமிழ். பேரனிடம் அம்மா பேசுவது தமிழ்தான், ஆகவே அவனுக்கும் தமிழ். தெரிந்த பிற மொழிகள் என்று இன்னும் இரண்டு எழுத இடம் இருந்ததால் மலையாளமும் எப்படியோ உள்ளே வந்துவிட்டது.

படிவத்தை மடிக்கும்போதுதான் உறைத்தது. அந்த வீட்டுக் கணக்கில் தெலுங்கு அந்த மகனோடு முடிந்துவிட்டது. யாரும் ஊரை விட்டுப் போகவில்லை, யாரும் சாகவில்லை. பாட்டி பேரனைத் தெலுங்கில் கொஞ்சிக்கொண்டுதான் இருந்தார். இருந்தும், தெலுங்கர் தொகை அந்த வீட்டில் பாதியாகிவிட்டது.

மக்கள்தொகைப் பாடத்தில் முதலில் சொல்லிக்கொடுப்பது ஒரு எளிய கணக்கு. பிறப்பைக் கூட்டு, இறப்பைக் கழி, வந்தவரைக் கூட்டு, போனவரைக் கழி. மொத்த ஜனத்தொகைக்கு இது போதும். தமிழர் எத்தனை, மலையாளி எத்தனை, மலாய்க்காரர் எத்தனை என்று கேட்டால் ஐந்தாவதாக ஒன்று சேர்ந்துகொள்கிறது. இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு ஆள் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு மாறுவது. சில சமயம் ஆள் மாறமாட்டார், கட்டத்தின் பெயரையே அரசாங்கம் மாற்றிவிடும். ஹிர்ஷ்மனின் வேலையில் எனக்குப் பெரிதாகப் படுவது இந்த ஐந்தாவது சமாசாரம்தான். மற்றவர்கள் அவரைப் பற்றி எழுதும்போது வேறு ஏதாவதை முன்னால் வைப்பார்கள். வைக்கட்டும்.

அவர் 1965இல் பட்டப்படிப்பு முடித்த கையோடு அமெரிக்க அரசின் பீஸ் கோர் தொண்டராக மலேசியாவுக்குப் போனார். இரண்டு வருடம் அங்கே இருந்துவிட்டுத் திரும்பி, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1972இல் முனைவர் பட்டம் வாங்கினார். டியூக், கார்னெல் என்று கற்பித்துவிட்டு, 1987இலிருந்து சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம். முதல் பெரிய ஆய்வு மலேசியத் தீபகற்பத்தில் இனத்துக்கும் படிப்புக்கும் வேலைக்கும் உள்ள முடிச்சைப் பற்றியது, 1975இல் வந்தது. நடுவில் மலேசியாவில் 1969 மே 13 இனக் கலவரம் நடந்து, 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்து, யார் மலாய், யார் சீனர், யார் இந்தியர் என்பது காலேஜ் சீட்டிலிருந்து கம்பெனிப் பங்கு வரை எல்லாவற்றையும் தீர்மானிக்கிற விஷயமாகிவிட்டது. சரி, இந்த மூன்று பெட்டியும் எப்போது வந்தன என்று அவர் பின்னோக்கிப் போனார். 1986, 1987இல் வந்த இரண்டு கட்டுரைகள் அதன் விளைவு. நீங்கள் படிக்க வேண்டியவை அவைதான்.

அவர் செய்த காரியம் கேட்பதற்குச் சாதாரணம். 1871இலிருந்து மலாயாவில் எடுத்த ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் ஆட்களை என்னென்ன பெயரில் பிரித்தார்கள் என்று பட்டியல்களை வரிசையாக வைத்துப் பார்த்தார். அவ்வளவுதான். ஆனால் அதில் எவ்வளவு கதை! 1871 பட்டியல் ஒரு துறைமுகச் சந்தை மாதிரி இருக்கிறது. பூகிஸ், போயன் (இரண்டும் இன்றைய இந்தோனேசியத் தீவுகளிலிருந்து வந்த ஜனம்), ஜாவாக்காரர், மணிலாக்காரர் எல்லோரும் மலாய்க்காரரோடு சரிசமமாக வரிசையில் நிற்கிறார்கள். நம்ம ஆட்கள் அதில் 'கிலிங்'. கலிங்கத்திலிருந்து வந்த சொல் என்பார்கள், இன்றைக்கு மலாயில் 'கெலிங்' என்றால் வசவு. ஜாவி பெக்கான் என்று ஒரு கட்டம். தென்னிந்திய முஸ்லிம் ஆணுக்கும் மலாய்ப் பெண்ணுக்கும் அந்த மண்ணிலேயே பிறந்த வம்சம் அது. கலப்புக்கென்று அந்தக் காலத்துப் பட்டியலில் ஒரு இடம் இருந்தது, பிறகு அந்தக் கட்டமே காணாமல் போய்விட்டது. ஜாவாக்காரரும் போயனும் கொஞ்சம் கொஞ்சமாக 'மலாய்' என்ற பெரிய தலைப்பின் கீழ் துணைப் பிரிவாக இறங்கினார்கள். இந்தப் பக்கம் தமிழர், தெலுங்கர், மலையாளி, பஞ்சாபி எல்லோரும் 'இந்தியர்' என்ற தலைப்பின் கீழே போனார்கள். முதலில் தலைப்பு 'தேசம்' என்று இருந்தது, 1911 வாக்கில் அது 'இனம்' என்றாகிவிட்டது. 1931 கணக்கெடுப்பை நடத்திய அதிகாரிக்கே 'இனம்' என்றால் என்ன என்று உறுதியாகச் சொல்ல வரவில்லை, நடைமுறை வசதிக்கு வைத்த பெயர் என்ற மாதிரி எழுதி வைத்தார்.

இதிலிருந்து ஹிர்ஷ்மன் எடுத்த முடிவு: வெவ்வேறு ஜனங்கள் மலாயாவில் எப்போதும் இருந்தார்கள், வேற்றுமை பாராட்டியும் இருந்திருப்பார்கள், ஆனால் ரத்தத்தில் ஓடுகிற, மாற்றவே முடியாத 'இனம்' என்ற நினைப்பு 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஆட்சியோடு வந்து இறங்கிய சரக்கு. தேசியம் பற்றி எழுதிய பெனடிக்ட் ஆண்டர்சன் தன் புகழ்பெற்ற நூலின் 1991 பதிப்பில் கணக்கெடுப்பைப் பற்றி ஒரு அத்தியாயம் சேர்த்தபோது இந்தக் கட்டுரைகளின் மேல்தான் அதைக் கட்டினார்.

எங்கள் குடும்பத்திலும் மலாயா உண்டு. என் பாட்டனாரின் தம்பி கங்காணி ஒருவரோடு ரப்பர் தோட்டத்துக்குப் போனவர், திரும்பவில்லை. கூலி ஒப்பந்த முறை 1910இல் நின்ற பிறகு கங்காணி முறைதான் ஆள் சேர்த்தது. 1938இல் இந்திய அரசாங்கம் அதையும் நிறுத்தியது. கொச்சி ராஜ்யத்துச் சித்தூரிலிருந்து போன, தமிழ் பேசுகிற அந்த மனிதரை அங்கே எந்தக் கட்டத்தில் போட்டிருப்பார்கள்? ஊரைக் கேட்டால் மலையாளி, வாயைக் கேட்டால் தமிழர். ஹிர்ஷ்மனின் பட்டியல்களைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்த கேள்வி இதுதான்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் செய்த வேலை என்று நாம் கையைக் கழுவ முடியாது. பாலக்காடு ஜங்ஷனில் காலையில் போய் நில்லுங்கள். ஒடிசா, அசாம், பீகார், ஜார்கண்ட் எங்கிருந்து வந்து இறங்கினாலும் கேரளத்தில் அவர் 'பெங்காலி'. அரசாங்க வாயில் 'அதிதித் தொழிலாளி', தெருவாயில் பெங்காலி. ஒடியா பேசுகிறவருக்கு அந்தப் பெயர் எவ்வளவு எரிச்சல் தரும் என்று நினைத்துப் பாருங்கள். 1871இல் கிலிங் என்று எழுதியவன் செய்ததும் இதே சோம்பல்தான். நமக்கும் இது நடந்திருக்கிறது. 70, 80களில் வளைகுடாவுக்கு மலையாளிகள் கூட்டம் கூட்டமாகப் போனபோது, இங்கே கட்டட வேலைக்கும் கிணறு வெட்டவும் வந்தவர்கள் தமிழர்கள்தான். எந்த ஜில்லாக்காரராக இருந்தாலும் 'பாண்டி', கொஞ்சம் மரியாதை வந்தால் 'அண்ணாச்சி'. அந்த இடத்துக்கு இப்போது வடக்கத்தி ஆட்கள் வந்துவிட்டார்கள். வார்த்தை மாறியிருக்கிறது, வழக்கம் அப்படியேதான் இருக்கிறது.

அந்த வடக்கத்தியரை எப்படி எண்ணினார்கள் என்பது உங்களுக்குப் பிடிக்கும். திருவனந்தபுரத்தில் உள்ள குலாட்டி நிதி, வரி ஆய்வு நிறுவனம் 2013இல் சொன்ன எண் 25 லட்சம். அவ்வளவு ஆட்களை எந்த வீட்டில் தேடுவது? ஷெட்டிலும் கட்டுமான இடத்திலும் படுப்பவர்களுக்கு வீட்டு நம்பர் ஏது? அதனால் தூர தேசத்திலிருந்து கேரளத்துக்குள் வரும் ரயில்களில் ஆய்வு நடத்தி, அதிலிருந்து கணக்குப் போட்டார்கள். வாசலில் நின்று எண்ணுவது மாதிரி. குறை சொல்லலாம், பஸ்ஸில் வந்தவர் என்ன ஆனார் என்று கேட்கலாம். எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. ஆள் கட்டத்துக்குள் வரவில்லை என்றால் ஆள் வருகிற வழியில் போய் உட்காரத் தெரிய வேண்டும்.

இனி நம்ம ஊர்.

1947க்கு முன்னால் சித்தூர் என்ன நிலைமை என்று உங்கள் தலைமுறைக்குத் தெரியுமோ என்னவோ. கொச்சி ராஜ்யத்தின் ஒரு துண்டு, தனியாக வந்து இங்கே கிடந்தது. சுற்றிலும் பிரிட்டிஷ் சீமை: இந்தப் பக்கம் மலபார், அந்தப் பக்கம் கோயமுத்தூர். 1956 நவம்பர் 1இல் மொழிவாரி மாநிலம் வந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாகாணத்துக்குப் போயின, செங்கோட்டையும் பெரும்பகுதி போனது. தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை, சித்தூர் கேரளத்தில் நின்றன. அதிலும் தேவிகுளம், பீர்மேட்டுக் கதை சமூகவியல் படிக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. அங்கே தமிழர்தான் அதிகம் என்று கணக்கெடுப்பே சொன்னது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள், நிலைத்த குடிகள் அல்லர் என்ற வாதம் மாநில மறுசீரமைப்பு ஆணையத்தில் எடுபட்டது. எண்ணில் யாரும் தகராறு செய்யவில்லை. எண்ணப்பட்டவர் 'குடியா, வந்தவரா' என்பதுதான் தகராறு. ஒரு மாநிலத்தின் எல்லையே அந்த ஒரு சொல்லில் தொங்கியது. (வடக்கே ஆந்திர எல்லையிலும் இந்த இழுபறி நடந்தது. பட்டாஸ்கர் தீர்ப்புக்குப் பின் 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாகாணத்துக்கு வந்தது. அது தனிக் கதை.)

அதன் வால் இன்னும் ஆடுகிறது. மூணாறு, பீர்மேடு லயங்களில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) மூன்றாம், நான்காம் தலைமுறையாகப் பிறந்த தலித் பிள்ளைக்குச் சாதிச் சான்று வேண்டுமென்றால், 1950க்கு முன்பே குடும்பம் கேரள மண்ணில் இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். பட்டியல் சாதி என்பது மாநிலத்துக்கு மாநிலம் தனிப் பட்டியல், அதற்கான தேதி 1950. லயத்தில் இருந்தவருக்குச் சொந்தப் பட்டாவா, வீட்டு வரி ரசீதா, என்ன இருக்கும்? எஸ்டேட்டில் பழைய பதிவேடு ஏதாவது கிடைத்தால் உண்டு. சான்றுக்குத் தமிழ்நாட்டுக்குப் போனால், நீ இங்கே குடியில்லை என்பார்கள். இரண்டு மாநிலத்துக்கும் அந்தப் பிள்ளை வந்தவன்.

என் தப்பு ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நிறுவனத்துக்காக எடுத்த ஆய்வு. பெயர் வேண்டாம். படிவம் மலையாளத்தில் மட்டும் அச்சாகி வந்திருந்தது, திண்ணையில் உட்கார்ந்து நாங்களே மொழிபெயர்த்துக் கேட்டோம். அதில் 'இதர மாநிலத்திலிருந்து வந்த குடும்பமா' என்று ஒரு கேள்வி. எங்கள் பையன்கள் தமிழ் பேசுகிற வீட்டுக்கெல்லாம் 'ஆம்' என்று டிக் அடித்துக்கொண்டே போயிருக்கிறார்கள். நானும் சரிபார்க்கிறேன் பேர்வழி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வடகரப்பதிப் பக்கம் ஒரு கவுண்டர் வீட்டில் மறுசோதனைக்குப் போனபோது, "எங்கிருந்துங்க வந்தீங்க?" என்று கேட்டேன். பெரியவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, துணியில் சுற்றிய காகிதக் கட்டைப் பிரித்தார். கொச்சி சர்க்காருக்குக் கரம், அதாவது வரி, கட்டிய ரசீது. ஓரமெல்லாம் பூச்சி அரித்து, நடுவில் முத்திரை மட்டும் தெளிவாக இருந்தது. "நாங்க எங்கிருந்தும் வரலீங்க மாஷே. கேரளாதான் அப்புறம் வந்துச்சு" என்றார். அன்று ராத்திரி அந்த வார்டின் அத்தனை படிவத்தையும் திருப்பி எடுத்தோம். எத்தனை வார்டில் எங்கள் டிக் அப்படியே கணினிக்குள் போய்விட்டதோ, நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

இடப்பெயர்வு என்ற சொல்லும் இந்த எல்லையில் வேடிக்கையான வேலை செய்யும். பொள்ளாச்சியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அந்த மருமகள், கணக்கெடுப்பில் மாநிலம் விட்டு மாநிலம் பெயர்ந்தவர். கொழிஞ்சாம்பாறையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கியவர் மாநிலத்துக்குள்ளே பெயர்ந்தவர். தினமும் விடியற்காலையில் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கோயமுத்தூர் மில்லுக்குப் போய் ராத்திரி திரும்புகிறவர் எங்கும் பெயராதவர். இந்தியாவில் இடம் பெயர்ந்தவர் பட்டியலில் பாதிக்கு மேல் பெண்கள், காரணம் கல்யாணம். இதைச் சொன்னால் பலர் அதெல்லாம் ஒரு மைக்ரேஷனா என்பார்கள். ஏன் இல்லை? அந்த வீட்டில் தெலுங்கை நிறுத்தியது அந்தக் கல்யாணம்தான்.

இப்போது உங்களுக்கு ஒரு புதிர். கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2001இல் ஏறக்குறைய 6 லட்சம் பேர், 2011இல் 5 லட்சம் சொச்சம். 10 வருடத்தில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் எங்கே போனார்கள்? உடனே 'மலையாளம் விழுங்கிவிட்டது' என்று ஒரு கூட்டம் கிளம்பும், 'எல்லாரும் திருப்பூருக்குப் போய்விட்டார்கள்' என்று இன்னொரு கூட்டம். ஹிர்ஷ்மன் மாதிரி ஆள் என்ன செய்வார்? பிறப்பு, இறப்பு, வந்தவர், போனவர், கட்டம் மாறியவர் என்று மேலே சொன்ன ஐந்து வாசலையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார். பிறப்பு குறைந்ததா? கேரளத்தின் வளர்ச்சியே அந்தப் பத்தாண்டில் 4.9 சதவீதம்தான், ஆனால் பிறப்புக் குறைவு ஒன்றே இவ்வளவு இறக்கத்துக்குப் போதாது. ஆள் வெளியேறினார்களா? இடுக்கி ஜில்லாவின் மொத்த ஜனத்தொகையே 11.29 லட்சத்திலிருந்து 11.09 லட்சமாக இறங்கியது. தோட்டத்துப் பிள்ளைகள் மலை இறங்கியது அதில் ஒரு பங்காக இருக்கலாம். ஆனால் தமிழர் அவ்வளவாக இல்லாத பத்தனந்திட்டையும் அதே காலத்தில் இறங்கியிருக்கிறதே, இடுக்கியில் குறைந்ததெல்லாம் தமிழர் என்று எப்படிச் சொல்வது? கட்டட வேலைக்கு வந்த தமிழர்கள் வடக்கத்தியர் வந்ததும் திரும்பிவிட்டார்களா? இருக்கலாம். பிள்ளையை மலையாள மீடியத்தில் போட்ட வீடு, தாய்மொழி மலையாளம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டதா? அதுவும் இருக்கலாம். ஒவ்வொரு வாசலிலும் எத்தனை பேர் என்று சொல்ல ஜில்லா, தாலூக், வயது வாரியாக உட்கார்ந்து உடைக்க வேண்டும். 2001இல் 10 வயதுக்குக் கீழ் இருந்தவர்கள் 2011இல் 10க்கும் 19க்கும் நடுவே இருப்பார்கள். அந்த வரிசை மட்டும் எவ்வளவு சுருங்கியது என்று பார்த்தால் பிறப்பைத் தனியாகக் கழற்றிவிடலாம். இது ஒரு எம்.ஏ. ஆய்வேட்டுக்குத் தாராளமாகப் போதும்.

பட்டியலைப் படிக்கும்போது இன்னொரு இடத்தில் கவனம் வேண்டும். அட்டப்பாடியில் ஒரு இருளர் தன் தாய்மொழி இருள மொழி என்று சொன்னாலும், மேலே 'மொழி' என்ற தொகுப்பில் அவர் தமிழின் கீழே போய்விடுவார். பணிய மொழி மலையாளத்தின் கீழே. போயன் மலாய்க்குக் கீழே போன மாதிரியேதான். எப்போதோ மலாயாவில் நடந்தது என்று படித்துவிட்டு ஆச்சரியப்பட வேண்டாம்.

கேரளத்துக்கென்றே ஒரு பெரிய ஆய்வு மரபு இருக்கிறது, உங்கள் ஆசிரியர்கள் சொல்லியிருப்பார்கள். உலக வங்கியில் வேலை பார்த்துவிட்டுத் திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்துக்கு வந்த கே.சி. சக்கரியா, எஸ். இருதயராஜன் போன்றவர்கள் 1998இல் தொடங்கிய கேரள இடப்பெயர்வு ஆய்வு. முதலில் 10,000 வீடு, 2023இல் 20,000 வீடு. வெளிநாட்டில் இருக்கும் கேரளத்தார் 1998இல் 13.6 லட்சம், 2013இல் 24 லட்சம், 2018இல் 21 லட்சம் என்று அது சொன்னது. 2023இல் 22 லட்சம், அதில் மாணவர் மட்டும் 5 வருடத்தில் இரட்டித்து 2.5 லட்சம். 2015இல் தமிழ்நாட்டிலும் இதே முறையில் ஒரு ஆய்வு நடந்தது. நல்ல வேலை. ஒரு ஓட்டை மட்டும் எப்போதும் இருக்கும். 'இந்த வீட்டிலிருந்து யார் வெளிநாட்டில் இருக்கிறார்கள்' என்று கேட்கிற ஆய்வில், குடும்பத்தோடு பூட்டிவிட்டுப் போன வீடு பதில் சொல்லாது.

ஹிர்ஷ்மன் வியட்நாமில் இதே ஓட்டையை இன்னும் கொடுமையான விதத்தில் சந்தித்தார். அமெரிக்கா அங்கே நடத்திய போரில் வியட்நாமியர் எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு ஒழுங்கான கணக்கு இல்லை. சாமுவேல் பிரெஸ்டன், வூ மான் லோய் என்ற இருவரோடு சேர்ந்து, 1991இல் உயிரோடிருந்தவர்களிடம் எடுத்த ஒரு ஆய்வை வைத்து 1995இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டார். உங்கள் அப்பா அம்மா இருக்கிறார்களா, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், யார் எப்போது எப்படி இறந்தார்கள் என்று கேட்டு, அதிலிருந்து போட்ட கணக்கு. சுமார் 10 லட்சம் என்று வந்தது. அதிலும், சொல்ல ஒரு ஆள்கூட மிஞ்சாத வீடு கணக்குக்குள் வராது. தன் நாடு நடத்திய போரில் செத்தவர்களை எண்ண ஒரு அமெரிக்கர் மெனக்கெட்டார் என்பதை நான் சும்மா கடந்துபோக மாட்டேன்.

அமெரிக்கக் குடியேற்றம் பற்றித்தான் அவர் பிற்காலத்தில் அதிகம் எழுதினார், எனக்கு அதில் ஈடுபாடு கொஞ்சம் கம்மி, சுருக்கமாகச் சொல்கிறேன். 1910இல் அமெரிக்காவில் 100க்கு 15 பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். 1924 சட்டம் கதவைச் சாத்தியது, 1970இல் அது 100க்கு 5க்கும் கீழே வந்தது. 1965 சட்டம் கதவைத் திறக்க, மறுபடி ஏறியது. 2005இல் அமெரிக்க மக்கள்தொகைச் சங்கத்தின் தலைவராக இருந்தபோது அவர் ஆற்றிய உரை இதைப் பற்றித்தான். இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்தவர்களை ஒரு காலத்தில் உருப்படமாட்டார்கள் என்று தள்ளினார்களே, 20ஆம் நூற்றாண்டு அமெரிக்காவை உருவாக்கியதில் அவர்களின் பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் எவ்வளவு பங்கு என்று கேட்டார். கட்டத்தின் விளையாட்டு அங்கேயும் உண்டு. 1920, 1930, 1940 அமெரிக்கக் கணக்கெடுப்புகளில் இந்தியாவிலிருந்து போனவரின் 'இனம்' என்னவென்று போட்டார்கள் தெரியுமா? 'ஹிந்து'. சீக்கியரும் ஹிந்து, முஸ்லிமும் ஹிந்து. 1970இல் அவர்களையே வெள்ளையரோடு சேர்த்தார்கள். 1980இல்தான் தனிக் கட்டம் வந்தது.

அவரிடம் எனக்கு ஒரு குறை. தகரப் பெட்டியைத் திறந்த பெரியவர் மாதிரி ஒரு ஆள் அவர் பக்கங்களில் வருவதில்லை. எண்ணைச் சந்தேகப்பட்டவர், ஆனால் எண்ணோடேயே நின்றுவிட்டார். போலந்து விவசாயிகள் அமெரிக்காவுக்குப் போனதைப் பற்றி 1918இலிருந்து ஐந்து தொகுதியாக எழுதிய தாமஸும் ஸ்னானியெக்கியும் அவர்களின் கடிதங்களை அப்படியே அச்சிட்டார்கள். நீங்கள் இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள். அட்டவணை ஒரு கையில், பெட்டி ஒரு கையில்.

வேலை: கிடைக்கும், ஆனால் சமூகவியல் பட்டம் மட்டும் போதாது. புள்ளியியல் மென்பொருள் ஒன்றாவது கை வர வேண்டும். மும்பையில் மக்கள்தொகை அறிவியலுக்கென்றே 1956இல் தொடங்கிய தேசிய நிறுவனம் இருக்கிறது, திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையம், சென்னையில் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். நுழைவுத் தேர்வுக்கு இப்போதே தயாராகுங்கள். தமிழ், மலையாளம் இரண்டும் பேச, எழுதத் தெரிந்த களப்பணியாளர் கிடைக்காமல் ஆய்வுகள் திண்டாடுவதை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் இரண்டிலும் சரளம், அதைக் குறைத்து எடைபோடாதீர்கள். 2027 கணக்கெடுப்பு வேறு வருகிறது, 1931க்குப் பிறகு முதல் தடவையாக எல்லாச் சாதியும் எழுதப்போகிறார்கள். கட்டங்களைப் பற்றி நாடே சண்டை போடப்போகிற சமயத்தில் இந்தப் பாடத்தைப் படிக்கிறீர்கள்.

அதற்கு முன்னால் கையில் ஒரு வேலையை எடுங்கள். உங்கள் பஞ்சாயத்தில் தமிழ் மீடியமும் மலையாள மீடியமும் சேர்ந்து இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்துக்கு, காலேஜிலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். அட்மிஷன் ரெஜிஸ்டரைக் கேளுங்கள். பெயர்களை எழுத வேண்டாம், எந்த வருடம் எந்த மீடியத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று மட்டும் 30, 40 வருடத்துக்கு எடுங்கள். எந்த வருடத்திலிருந்து இறங்குகிறது, அந்த வருடம் ஊரில் என்ன நடந்தது என்று ஓய்வு பெற்ற மாஷ்களிடம் விசாரியுங்கள். ஜூன் மாதம் ஆறாம் வேலை நாளில் தலை எண்ணித்தான் எத்தனை டிவிஷன், எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்வார்கள். எண்ணிக்கை குறைந்தால் டிவிஷன் ஃபால், ஒரு ஆசிரியரின் இடம் போய்விடும். அதனால் ஆறாம் நாளோ அதற்கு மறுநாளோ போங்கள். முந்தின வாரம் சாயங்காலத்தில் போனால் தமிழ் மீடியம் டீச்சர்களைப் பிடிக்க முடியாது, பிள்ளை தேடி ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள்.